டி.பி-க்கு மாத்திரை மட்டும் போதுமா? பீடி சுற்றும் ஊர்களுக்குப் புதிய ஆய்வுகள் சொல்லும் சேதி!

தென்காசி மாவட்டத்தில் கீழப்பாவூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் போயிருக்கீங்களா? மத்தியான நேரத்தில் தெருவுக்குள் நடந்தால், வாசலிலும் திண்ணையிலும் மடியில் பீடித் தட்டை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். கை இலையைச் சுருட்டும், வாய் பேசிக்கிட்டிருக்கும், கண்ணு டிவி-யில இருக்கும். நடு நடுவே ஒரு இருமல். யாராச்சும் கேட்டா, "தூள் நெடி ஏறிட்டுல்லா, வேற ஒண்ணுமில்ல"ன்னு பதில் வரும். சீசன் நேரம்னா, "சாரல் ஒத்துக்கல"ன்னு இன்னொரு காரணமும் ரெடியா இருக்கும்.

நிறைய நேரம் அது உண்மையும்கூட. ஆனால், 2 வாரத்துக்கு மேல் நிற்காத இருமல், சாயங்காலக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு இதெல்லாம் சேர்ந்து வந்தால், அது காசநோயாக இருக்கலாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் 64 சதவிகிதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவே இல்லை என்று தெரியவந்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடலாம். பீடி சுற்றினால் டி.பி. வரும் என்று சொல்ல வரவில்லை. டி.பி. ஒரு கிருமியால் வருவது, காற்றில் பரவுவது. ஆனால், புகையிலைத் தூசியில் நாள் முழுக்க வேலை, காற்றோட்டம் குறைந்த சின்ன வீடு, "ஆயிரம் சுத்தி முடிச்சுட்டு சாப்பிடுவோம்" என்று தள்ளிப்போகும் சாப்பாடு, இவை மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால், கிருமிக்கு வேலை சுலபம். அதனால்தான், கடந்த சில வருடங்களில் காசநோய் சிகிச்சையில் வந்திருக்கும் சில ஆய்வு முடிவுகளை, இந்த மாதிரி ஊர்களின் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் மாறிய உலக சிகிச்சை

கொஞ்சம் பின்னாடி போவோம். 1950-கள் வரைக்கும் டி.பி. என்றாலே சானடோரியம்தான். தாம்பரம் சானடோரியம் மாதிரி இடங்களில் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, பால், முட்டை. ஆனால், நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ ரொம்பக் கம்மி.

1956-ல் சென்னையில் ஒரு ஆய்வு மையம் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், சென்னை மாநில அரசு ஆகிய நான்கும் கைகோத்த முயற்சி. 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மறு பாதியை வீட்டிலேயே வைத்தார்கள். ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, ஓய்வு குறைவு, எடை ஏறியதும் குறைவு. ஆனாலும், கிருமி ஒழிந்ததில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானதும், உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர ஆரம்பித்தது. 'வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம்' என்ற இன்றைய நடைமுறைக்கு விதை போட்டது நம்ம சென்னைதான்.

பெருமையான விஷயம். ஆனால், அதற்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது. அந்த ஆய்வு கேட்ட கேள்வி, 'வீட்டிலேயே மருந்து கொடுத்தால் கிருமி ஒழியுமா?' என்பது. 'ஒழியும்' என்ற பதிலை, 'அப்போ சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை' என்று மருத்துவ உலகம் புரிந்துகொண்டது. மருந்துச்சீட்டிலிருந்து சோறு காணாமல் போனது. "நல்லா சாப்பிடுங்க"ங்கிறது டாக்டர் கடைசியில் சொல்லும் அறிவுரையாக மட்டும் மிஞ்சியது.

ஜார்க்கண்ட் கொடுத்த பதில்

60 வருடங்களுக்கு மேல் கழித்து, அந்தக் கதை திரும்பியிருக்கிறது. 2019 ஆகஸ்ட் முதல் 2022 ஆகஸ்ட் வரை ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. நடத்தியவர்கள் மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர். 1956-ல் தொடங்கிய அதே சென்னை நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இதில் இருந்தார்கள் என்பது சுவாரஸ்யம். முடிவுகள் 2023 ஆகஸ்டில் லான்செட் இதழ்களில் வெளியாகின.

அவர்கள் செய்தது ரொம்ப எளிமையானது. நுரையீரல் டி.பி. இருந்த 2,800 பேருக்கு மாத்திரையோடு மாதம் 10 கிலோ உணவுப் பை கொடுத்தார்கள். அவர்களின் வீட்டில் இருந்த 10,345 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில், வீட்டில் ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. மற்றொரு பிரிவினருக்கு எதுவும் கூடுதலாகக் கிடையாது.

உணவு வாங்கிய வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவிகிதம் குறைந்தது. மற்றவர்களுக்குப் பரவக்கூடிய நுரையீரல் டி.பி-யை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவிகிதம். சுமார் 30 வீடுகளுக்கு உணவு கொடுத்தால், ஒருவருக்கு டி.பி. வருவதைத் தடுக்கலாம் என்று கணக்கிட்டார்கள். செலவு, நோயாளிக்கு மாதம் 13 டாலர், வீட்டில் இருக்கும் ஒருவருக்கு 4 டாலர். அரிசியும் பருப்பும் தடுப்பூசி மாதிரி வேலை செய்திருக்கிறது என்றால் மிகையில்லை.

நோயாளிகள் பக்கமும் ஒரு கண்டுபிடிப்பு. சிகிச்சைக்கு வந்தபோதே ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள். முதல் 2 மாதத்தில் உடல் எடை 5 சதவிகிதம் ஏறியவர்களுக்கு, இறக்கும் அபாயம் 61 சதவிகிதம் குறைவாக இருந்தது.

அந்த ஐந்து கேள்விகள்

உணவு ஒரு பக்கம். ஆனால், கண்டுபிடிக்கும்போதே உடம்பு ரொம்ப மோசமாகிவிட்டவர்களை என்ன செய்வது? டி.பி. இறப்புகளில் பெரும்பாலானவை சிகிச்சை ஆரம்பித்த முதல் 2 மாதத்துக்குள் நடப்பவை. மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்பே உடம்பு கைவிட்டுவிடுகிறது.

இதற்கு விடை தேடியது தமிழ்நாடு. 2022 ஏப்ரலில், சென்னை தவிர்த்த மற்ற மாவட்டங்களில் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கியது. வழிகாட்டியது, சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். இதன்படி, அரசு மருத்துவமனையில் டி.பி. உறுதியான ஒவ்வொரு பெரியவரிடமும் சுகாதாரப் பணியாளர் ஐந்தே ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. எடை, உயரம். இரண்டையும் வைத்து பி.எம்.ஐ. கணக்கிடுவார்கள். 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆபத்து.
2. இரண்டு காலிலும் வீக்கம். பி.எம்.ஐ. 16-க்குள் இருந்து, வீக்கமும் இருந்தால் ஆபத்து.
3. மூச்சு. நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் போகக் கூடாது.
4. ஆக்சிஜன் அளவு. கொரோனா நேரத்தில் விரலில் மாட்டினோமே, அதே கருவிதான். 94-க்குக் கீழே இறங்கக் கூடாது.
5. பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா?

இதில் ஒன்றில் சிக்கினாலும், 'தீவிர நோயாளி' என்று மேல் பரிசோதனைக்கு அனுப்பி, தேவைப்பட்டால் உடனே அட்மிட் செய்ய வேண்டும். கவனிச்சீங்களா? ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதில் பெரியவர்களில் 10 முதல் 15 சதவிகிதம் பேர் தீவிர நிலையில் இருப்பது தெரியவந்தது.

2025-ல் இன்னொரு படி மேலே போனார்கள். 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை கண்டறியப்பட்ட சுமார் 56,000 நோயாளிகளின் தரவை வைத்து, இறப்பு அபாயத்தைக் கணிக்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். 'டி.பி. சேவா' என்ற செயலியில் அந்த ஐந்து விவரங்களைப் பதிவு செய்தால், அபாயம் எத்தனை சதவிகிதம் என்று உடனே காட்டும். தீவிர நோயாளிகளுக்கு அது 10 முதல் 50 சதவிகிதம் வரை. மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவிகிதம்தான்.

ஒரே நோய், ஒரே மாத்திரை. ஒருவருக்கு நூறில் ஒன்று, இன்னொருவருக்கு இரண்டில் ஒன்று. இந்த வித்தியாசம் தெரியாமல் இருவரையும் "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினால், என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1959-ன் பாடம், 'எல்லோருக்கும் படுக்கை தேவையில்லை' என்பது. இன்றைய பாடம், 'சிலருக்கு முதல் நாளே படுக்கை வேண்டும்' என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. யாருக்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்ததுதான் முன்னேற்றம்.

நம் வீட்டு அளவில் கணக்கு போடுவோம்

எண்களாகப் பார்த்தால் தலை சுத்தும். ஒரு உதாரணத்துக்கு, 150 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு அக்காவை எடுத்துக்குவோம். பீடி சுற்றுபவர், வீட்டில் நான்கு பெரியவர்கள். அவர் எடை 41 கிலோ என்றால் ஊரில் யாரும் கண்டுக்க மாட்டாங்க. 'ஒல்லி உடம்பு' என்பார்கள், அவ்வளவுதான். ஆனால், பி.எம்.ஐ. கணக்குப்படி 18.5-க்குக் கீழே, அதாவது எடை குறைவு. 36 கிலோ என்றால் பி.எம்.ஐ. 16. 31.5 கிலோ என்றால் 14, அட்மிட் ஆக வேண்டிய எல்லை.

36 கிலோவில் சிகிச்சை ஆரம்பிக்கிறார் என்றால், 5 சதவிகிதம் என்பது 1.8 கிலோ. இரண்டு மாதத்தில் ரெண்டு கிலோகூட இல்லை. ஜார்க்கண்டில் சாவின் அபாயம் பாதிக்கு மேல் குறைந்தவர்களுக்குக் கூடியிருந்தது இந்த அளவு எடைதான்.

அதற்கு என்ன கிடைக்கிறது? மத்திய அரசின் 'நிக்ஷய் போஷன் யோஜனா' திட்டத்தில் 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பர் 1 முதல் அது 1,000 ரூபாய். முதல் 3,000 ரூபாய் நோய் கண்டறிந்ததும், அடுத்த 3,000 ரூபாய் 84 நாள் கழித்தும் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். இரட்டிப்பாக்கியது நல்ல விஷயம்தான். ஆனால், நாளுக்கு 33 ரூபாய். ரெண்டு முட்டை, ஒரு கை நிலக்கடலை வாங்கினால் பெரும்பகுதி காலி.

அடுத்து, வீட்டில் இருக்கும் மற்ற மூன்று பேர். ரேஷன்ஸ் ஆய்வின் அளவுப்படி அவர்களுக்கு மாதம் 15 கிலோ அரிசி, நாலரை கிலோ பருப்பு தேவை, அதுவும் வழக்கமாக வாங்குவதற்கு மேல். தமிழ்நாட்டில் இந்தக் குடும்பத்துக்கு ரேஷனில் 20 கிலோ அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. ஆக, வயிறு நிறைய அரிசி இருக்கிறது. பருப்பு? கார்டுக்கு ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு.

நம்ம ஊர் பிரச்னை இந்த இடத்தில்தான் இருக்கு. மற்ற பல மாநிலங்களைவிட தமிழ்நாட்டு ரேஷன் எவ்வளவோ மேல். ஆனால், டி.பி. வந்த வீட்டுக்குக் குறைவது அரிசி இல்லை, பருப்பு, முட்டை, கடலை. புரதம்தான் பள்ளம். டி.பி. நோயாளி இருக்கும் வீட்டுக்கு, சிகிச்சை நடக்கும் ஆறு மாதத்துக்கு மட்டும் ரேஷன் கடையிலேயே கூடுதலாக நாலு கிலோ பருப்பு கொடுக்க முடியாதா? கார்டும் கடையும் ஏற்கெனவே இருக்கு, புதுசா எந்த அமைப்பும் உருவாக்க வேண்டியதில்லை.

இப்போது வீட்டில் உள்ளவர்களுக்கு உணவுப் பை கொடுக்க, 'நிக்ஷய் மித்ரா' என்ற தன்னார்வலர் திட்டத்தைத்தான் அரசு கைகாட்டுகிறது. கொடுப்பவர்கள் கிடைத்தால் கிடைக்கும், இல்லையென்றால் இல்லை. நாம் யாரும் டி.பி. மாத்திரையை தானமாக எதிர்பார்த்து நிற்பதில்லை, அது நோயாளியின் உரிமை. உணவு நோயைத் தடுக்கிறது என்று ஆய்வில் நிரூபணமான பிறகு, அதை மட்டும் தர்மக்கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

ஆய்வைக் கொஞ்சம் சந்தேகத்தோடும் பார்க்கணும்

எதையும் 'அதிசயம்' என்று அள்ளிக்கொள்வதும் சரியில்லை. மூன்று விஷயங்களை நினைவில் வைக்கணும்.

முதலாவது, ஜார்க்கண்டில் ஆய்வு செய்த மக்கள் ரொம்ப மெலிந்தவர்கள். ஏற்கெனவே நன்றாகச் சாப்பிடும் ஒரு குடும்பத்தில் அதே 39 சதவிகிதப் பலனை எதிர்பார்க்க முடியாது. பலன் அதிகம் கிடைக்கப்போவது, எடை குறைந்தவர்கள் இருக்கும் வீடுகளில்தான்.

இரண்டாவது, எடை ஏறியவர்கள் பிழைத்தார்கள் என்பதால், எடை ஏறியதால் மட்டுமே பிழைத்தார்கள் என்று ஆகிவிடாது. ஏனென்றால், உணவுப் பை எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்கப்பட்டது. மருந்து நன்றாக வேலை செய்தவர்களுக்குப் பசியும் எடுத்திருக்கலாம். ஆனாலும், முதல் 2 மாதத்தில் எடை ஏறவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்ற எச்சரிக்கை மணியாக அதை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சர்க்கரை. தமிழ்நாட்டில் டி.பி-யோடு சர்க்கரை நோயும் சேர்ந்தே இருப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு "நல்லா சாப்பிடு"ன்னு சோத்தை அள்ளி வைப்பது தப்பு. பருப்பு, முட்டை, மீன், பயறு, கீரை என்று புரதம் பக்கம் போகணும், எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கணும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஐந்து விஷயங்களைப் பார்க்கும் திட்டம் அரசு மருத்துவமனைக்கு வருபவர்களுக்கானது. தனியார் கிளினிக்கில் டி.பி. கண்டுபிடிக்கப்பட்டவருக்கு எழுந்து நிற்க முடிகிறதா என்று யார் பார்ப்பது? அதைவிட, அட்மிஷன் என்றாலே பீடித் தொழிலாளி தயங்குவார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு வாரம் பெட்டில் படுத்தால், அந்த வாரக் கூலி அவ்வளவுதான். பீடித் தொழிலாளர்களுக்காக முக்கூடலில் மத்திய அரசின் தனி மருத்துவமனையே இருக்கும் பகுதி இது. சிகிச்சை நாட்களில் போகும் கூலிக்கும் ஒரு வழி சொல்லாவிட்டால், செயலி எவ்வளவு துல்லியமாகக் கணித்தாலும், நோயாளி கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குத்தான் போவார்.

நீங்க என்ன செய்யலாம்?

* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால், தூள் நெடி, சாரல் என்று காரணம் தேடாமல் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்க. செலவில்லை. எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னால் மறுக்காதீங்க. இருமலே இல்லாத டி.பி-யும் உண்டு. தேசிய கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால் 42.6 சதவிகித நோயாளிகள் தப்பிப்போயிருப்பார்கள்.
* டி.பி. உறுதியானால், "எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு, ஆக்சிஜன், நிற்க முடியுதா, எல்லாம் பார்த்தாச்சா?" என்று கேளுங்க. தனியார் டாக்டரிடமும் கேளுங்க. கேட்பதில் தப்பே இல்லை.
* முதல் நாள் எடையைச் சீட்டில் எழுதி வாங்குங்க. மாதம் ஒருமுறை அதே தராசில் எடை பாருங்க. 2 மாதத்தில் ஏறவில்லை அல்லது இறங்கினால், அடுத்த மாத்திரைத் தேதி வரை காத்திருக்காதீங்க.
* தனியாரிடம் சிகிச்சை என்றாலும், உங்கள் பெயர் அரசுப் பதிவில் ஏறியிருந்தால் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கும் உண்டு. வங்கிக் கணக்கு விவரத்தை முதல் வாரமே கொடுத்துடுங்க.
* வீட்டில் உள்ள எல்லோருக்கும் பரிசோதனை. நோய் இல்லை என்றால், வராமல் தடுக்கும் மாத்திரை உண்டு, அதைப் பற்றிக் கேளுங்க. எடையும் பாருங்க, முக்கியமாக வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் அம்மாவுக்கு.
* காலில் வீக்கம், மூச்சுத்திணறல், எழுந்து நிற்க முடியாத சோர்வு இருந்தால், மறுநாள் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. தென்காசி அரசு மருத்துவமனையோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டோ, அன்றைக்கே போகணும். 108-ஐக் கூப்பிடலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி, இந்தியாவில் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய டி.பி. பாதிப்பு, 2015-க்கும் 2024-க்கும் இடையில் 187 ஆகக் குறைந்திருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும், உலக நோயாளிகளில் நாலில் ஒருவர் இன்னமும் இந்தியர். 2025-க்குள் ஒழிப்போம் என்று வைத்த இலக்கு கைகூடவில்லை.

புது மருந்துக்கும் தடுப்பூசிக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால், இந்த ஆய்வுகள் கேட்பது அதையெல்லாம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு தராசு, முதல் நாளே கிடைக்கும் ஒரு படுக்கை, ரேஷன் பையில் கூடுதலாக நாலு கிலோ பருப்பு. மூன்றும் நம்மிடம் ஏற்கெனவே இருப்பவைதான். டி.பி. வந்த வீட்டுக்கு அவை போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.